இரண்டு ஸ்குரூ மட்டும் போட்டேன்

ஒரே பழுதோடு ஒரு டிவி இரண்டாம் தடவை கடைக்கு வந்தால் மெக்கானிக்கிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "கரண்ட் ஏறி இறங்கி அடிச்சிருக்கு." "ஸ்பேர் டூப்ளிகேட்டா வந்துருச்சு." "நீங்க ஸ்டெபிலைசர் போடாம ஓட்டியிருக்கீங்க." மூன்றுமே சில சமயம் உண்மையாகவும் இருக்கும். அதுதான் வசதி. கோவில்பட்டியில் கடை வைத்திருந்த காலத்தில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காசு வாங்கியவன் நான். எத்தனையோ வீடுகளில் சொன்னேன். ஒரு வீட்டுக் கதையை மட்டும் இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லாத கதை அது.

அதற்கு முன்னால், அந்த வீட்டு டிவியில் திரும்பத் திரும்பப் போன பார்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிக்சர் டியூப் வைத்த டிவியைப் பார்த்தே இராத பிள்ளைகள் இப்போது வேலைக்கே வந்துவிட்டார்கள்.

அந்த டிவியில் படம் என்பது கோடுகள். எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாக ஒரு கோடு போடும், சட்டென்று இடப்பக்கம் திரும்பும், அடுத்த கோடு போடும். நம் நாட்டு ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். பெருக்கினால் நொடிக்கு 15,625 தடவை. அத்தனை தடவையும் கதிரை இழுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிற சுவிட்ச் ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான். ஹாரிசாண்டல் அவுட்புட் என்பது புத்தகப் பெயர், கடையில் வெறும் 'அவுட்புட்'. ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 64 மைக்ரோ செகண்ட். திரும்பி வருவதற்கு அதில் சுமார் 12. அந்தத் திரும்புகிற நேரத்தில், 115 வோல்ட் சப்ளையில் ஓடுகிற அந்த டிரான்சிஸ்டரின் கலெக்டரில் ஆயிரம் வோல்ட்டை ஒட்டி ஒரு துடிப்பு ஏறி இறங்கும். பி.யு. 508 என்ற நம்பருக்கு 1500 வோல்ட் தாங்கும் என்று போட்டிருப்பது இதற்காகத்தான். அதே துடிப்பை வாங்கித்தான் எல்.ஓ.டி. என்கிற டிரான்ஸ்பார்மர் பிக்சர் டியூபுக்கு 20, 25 ஆயிரம் வோல்ட் செய்து கொடுக்கும்.

ஆகவே செட்டிலேயே அதிகம் அடிவாங்குகிற இடம் அது. அது செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். மீட்டரை ஓம்ஸில் வைத்து கலெக்டரையும் எமிட்டரையும் தொட்டால் முள் அந்தக் கடைசிக்கு அடிக்கும். ஷார்ட். ஹீட் சிங்கிலிருந்து கழற்றி, ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதுசு ஒன்றைச் சொருகினால் படம் வந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் கண்ணெதிரே, ஒரு காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. இந்தச் சுலபம்தான் என்னைக் கெடுத்தது.

நான் சொன்ன அந்த வீடு ஒரு டீச்சருடையது. செட்டு 21 அங்குல கலர். அவர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகன் வெளியூரில். சாயங்காலம் செய்தி, அதற்குப் பிறகு வரிசையாக நாடகங்கள், ஒன்பதரைக்குத் தூக்கம். டிவிக்கு அவரே தைத்த உறை போட்டு வைத்திருப்பார். முதல் தடவை கூப்பிட்டபோது செட்டில் படமில்லை, சத்தமில்லை, பவர் சப்ளையில் மட்டும் 'டிக் டிக்' என்று ஒரு துடிப்பு. பழகிய காதுக்கு அதுவே போதும். அவுட்புட் ஷார்ட். மாற்றினேன், படம் வந்தது, 250 ரூபாய் வாங்கினேன். இதில் தப்பில்லை. பார்ட் என்றால் ஒரு தடவை போகத்தான் செய்யும்.

ஒரு மாசத்துக்குள் மறுபடியும் போனது. அப்போதே நான் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. "டூப்ளிகேட் சரக்கு டீச்சர், கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். இதில் பாதி உண்மை உண்டு என்பதால் சொல்லும்போது குரல் கூட தடுமாறவில்லை. வேறு டிரான்சிஸ்டரின் மேல் எழுத்தை அழித்து பி.யு. 508 என்று அச்சடித்து விற்பது அந்தக் காலத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே சில்லு எள்ளளவுக்கு இருக்கும். ஆனால் நான் டீச்சர் வீட்டுக்குப் போட்டது நல்ல சரக்கு. எனக்கே தெரியும். 'ஏ', 'டி' என்ற எழுத்து வித்தியாசம் கூடப் பார்த்துத்தான் போட்டேன். டி என்றால் உள்ளேயே டேம்பர் டயோடு இருக்கும், ஏ என்றால் இருக்காது. இடம் மாறிப் போட்டால் சூடேறிச் சாகும். அவ்வளவு கவனமாகப் பார்ட்டைத் தேர்ந்தெடுத்தவனுக்கு, அது எதனால் செத்தது என்று பார்க்க மட்டும் மனசு வரவில்லை.

அடுத்த தடவை டீச்சரே ஒரு தகவல் சொன்னார்.

"தம்பி, நிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாளா படம் ரெண்டு ஓரத்துலயும் சுருங்குச்சு. பின்னால மெல்லிசா ஒரு சத்தம். மேல லேசா ஒரு தட்டு தட்டினா சரியாப் போகுது."

ஒரு மெக்கானிக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? படம் சுருங்குகிறது என்றால் அவுட்புட்டுக்குப் போகிற டிரைவ் குறைகிறது. தட்டினால் சரியாகிறது என்றால் எங்கேயோ டிரை சோல்டர், அதாவது ஈயம் காலைப் பிடிக்காமல் விட்டிருக்கிறது. பழுதையும் பழுதின் இடத்தையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் சொன்ன பதில் இது: "தட்டாதீங்க டீச்சர். நீங்க தட்டுறதுனாலதான் போகுது."

அவர் முகம் வாடியது. நாற்பது வருஷம் பிள்ளைகளைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு டிவியைத் தட்டியதற்காக என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

அதே தடவைதான் ஸ்டெபிலைசரும் வாங்க வைத்தேன். எங்கள் பக்கம் மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்குவதும் ராத்திரியில் ஏறுவதும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் அவரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த செட்டின் பவர் சப்ளை 150 வோல்ட்டிலிருந்து 260 வரைக்கும் தானே சமாளித்துக்கொள்கிற வகை. பின்பக்க ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருந்தது. கவரைக் கழற்றும்போதெல்லாம் என் மூக்குக்கு நேரே இருந்த ஸ்டிக்கர் அது. ஸ்டெபிலைசர் விற்ற கடையில் எனக்குக் கமிஷன் உண்டு.

இனி, நான் பார்த்திருக்க வேண்டியது என்ன என்பதைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. என் கடையில் வேலை கற்க வந்த பையன்களுக்கு நானே வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்ததுதான்.

அவுட்புட் திரும்பத் திரும்பப் போனால் புதுசை உடனே போடக் கூடாது. அந்த இடத்தைக் காலியாக வைத்து, பி பிளஸ் என்கிற அந்த 115 வோல்ட் சப்ளைக்கும் பூமிக்கும் நடுவே ஒரு 60 வாட் பல்பை லோடாகக் கட்டி, வோல்டேஜ் அளக்க வேண்டும். 115 இருக்க வேண்டிய இடத்தில் 140 காட்டினால் பவர் சப்ளையில் கோளாறு. பெரும்பாலும் அதைக் கட்டுப்படுத்துகிற பகுதியில் ஒரு சின்ன எலக்ட்ரோலைடிக் கண்டென்சர் வற்றியிருக்கும். சப்ளை சரி என்றால் அடுத்தது டியூனிங் கண்டென்சர். கலெக்டர் ஓரமாக நிற்கும், 1600 அல்லது 2000 வோல்ட் தாங்குகிற வகை. இதன் அளவு குறைந்தால் அந்த ஆயிரம் வோல்ட் துடிப்பு இன்னும் உயரே எகிறி டிரான்சிஸ்டரை அந்தக் கணமே கொல்லும். பிக்சர் டியூபுக்குப் போகிற வோல்டேஜும் அதோடு சேர்ந்து ஏறும். தனியாக இருக்கிற ஒரு வயதான பெண்மணியின் வீட்டில் அப்படி ஒரு செட்டை 'ஓடுது, பாருங்க' என்று விட்டுவிட்டு வரலாமா? நான் விட்டுவிட்டு வந்தேன். அவர் நல்ல நேரம், அந்த செட்டில் பழுது அதில் இல்லை.

எல்.ஓ.டி.யில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்கலாம், கதிரை வளைக்கிற யோக் சுருள் போயிருக்கலாம். இவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் டீச்சர் சொன்ன அறிகுறிக்கு நேரே போக வேண்டிய இடம் டிரைவர்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் சுவிட்ச் மாதிரி வேலை செய்தால்தான் பிழைக்கும். ஒன்று முழுசாகத் திறக்க வேண்டும், இல்லை முழுசாக மூட வேண்டும். நடுவில் நின்றால் வெந்துபோகும். முழுசாக ஆன் ஆக அதன் பேஸுக்கு ஆம்பியர் கணக்கில் கரண்ட் தள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வகை டிரான்சிஸ்டருக்குப் பெருக்கும் சக்தி மிகக் குறைவு. அந்தக் கரண்ட்டைக் கொடுப்பது டிரைவர் டிரான்ஸ்பார்மர், ஒரு சின்னச் சாமான். செட்டு ஆன் ஆகும்போது சூடாகி, ஆஃப் ஆனதும் குளிர்ந்து, தினமும் விரிந்து சுருங்கி, வருஷக்கணக்கில் அதன் கால்களைப் பிடித்திருக்கிற ஈயத்தில் விரிசல் விழும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. போர்டைத் திருப்பி, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி முடி கனத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். அதே டிரைவருக்குச் சப்ளை போகிற வழியில் ஒரு 5 வாட் ரெசிஸ்டர் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் சூட்டில் போர்டு கருகின அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். அரை அங்குலம் தள்ளி 160 வோல்ட் கண்டென்சர் ஒன்று. பக்கத்தில் அப்படி ஒரு அடுப்பு இருந்தால் அது வற்றாமல் என்ன செய்யும்? எலக்ட்ரோலைடிக் கண்டென்சருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி குறையும் என்பது தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு.

இதில் ஒரு கண்ணி உண்டு. வற்றிய கண்டென்சரை முள் மீட்டரில் வைத்தால் முள் அழகாக ஏறி அழகாக இறங்கும். நல்லது என்றே தோன்றும். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் கூடியிருப்பது மீட்டருக்குத் தெரியாது. அதை அளக்கிற கருவி அப்போது என்னிடம் இல்லை, இருக்கவும் தேவையில்லை. சந்தேகம் வந்தால் சில ரூபாய் பெறும் புது கண்டென்சரைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான், 85 டிகிரி சரக்கு வேண்டாம், 105 டிகிரி வாங்கு என்று பையன்களிடம் சொல்வேன்.

சொல்வேன்.

ஏன் செய்யவில்லை என்று கேட்டால் முதலில் கூலிக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். போர்டை வெளியே எடுத்து ஒவ்வொரு காலாகப் பார்த்து ஈயம் வைக்க அரை நாள் ஆகும். முடிவில் 'கண்டென்சர் ஒண்ணு, ஈயம் கொஞ்சம், 300 ரூபாய்' என்றால் வீட்டுக்காரர் முறைப்பார். "என்னத்த மாத்தினீங்க?" என்பார். செத்த டிரான்சிஸ்டரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினால் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். தேடியதற்குக் கூலி கிடையாது, மாற்றியதற்கு உண்டு. இது எல்லா மெக்கானிக்கும் படுகிற பாடு. ஆனால் டீச்சர் விஷயத்தில் அந்தச் சாக்கும் செல்லாது. அவர் ஒரு நாளும் பேரம் பேசியதில்லை. அரை நாள் வேலை என்று சொல்லியிருந்தால், உட்காரச் சொல்லி மோர் கொடுத்திருப்பார்.

உண்மை இதைவிட அசிங்கமானது. அந்த செட்டு திரும்பத் திரும்ப வருவது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. வேலை மந்தமான வாரத்தில் டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

நான் அதைத் தெரிந்தேதான் செய்தேன் என்பதற்கு என் கையே சாட்சி வைத்திருந்தது. அந்த செட்டின் பின் கவருக்கு ஆறு ஸ்குரூ. மூன்றாவது தடவையிலிருந்து நான் மேலே இரண்டை மட்டும்தான் போட்டேன். மீதி நாலும் என் பையில் கிடந்தன. எப்படியும் மறுபடி திறக்கத்தான் போகிறோம் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் எல்.ஓ.டி.யையும் மாற்றினேன். அது போய்விட்டது என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை. இதற்கு மேலும் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால் அவரே சந்தேகப்படுவார் என்ற பயம்தான். டிரான்சிஸ்டரைப்போலப் பல மடங்கு விலை. கழற்றிய பழைய எல்.ஓ.டி.யைக் கடைக்குக் கொண்டுபோய் இன்னொரு செட்டில் போட்டுப் பார்த்தேன். அருமையாக ஓடியது. அப்படியே அதில் விட்டுவிட்டு, அந்த செட்டுக்காரரிடம் புதுசு என்று காசு வாங்கினேன். இதை இதுவரை என் வீட்டில் கூடச் சொன்னதில்லை.

புது எல்.ஓ.டி.யும் காப்பாற்றவில்லை. அவுட்புட் மறுபடி போனது. எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "போர்டே போயிருச்சு டீச்சர். இதுல காசைப் போடாதீங்க, புதுசா ஒண்ணு வாங்கிருங்க" என்றேன். அவர் பீரோவைத் திறந்து அன்றைக்கு வந்து பார்த்ததற்கான கூலியையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு இளைஞன் கடைக்கு வந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேறொரு கடையில் வேலை பார்ப்பவன், டீச்சரிடம் மூன்றாம் வகுப்பில் படித்தவன்.

"அண்ணே, டீச்சர் வீட்டு செட்டோட பேக் கவர் ஸ்குரூ நாலு உங்ககிட்ட இருக்குமா?"

கேலி இல்லை. நிஜமாகவே ஸ்குரூ கேட்டுத்தான் வந்திருந்தான். என்ன செய்தாய் என்று நான்தான் கேட்டேன். டிரைவர் டிரான்ஸ்பார்மர் காலில் ஈயம் விட்டிருந்தது, பக்கத்துக் கண்டென்சர் மேலுறை சுருங்கிக் கிடந்தது, மாற்றிவிட்டு சீரிஸ் பல்பில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன், நிறுத்தி ஹீட் சிங்கைத் தொட்டால் கை வைக்க முடிகிற சூடுதான் என்றான். 'டீச்சர்தான் தட்டினா சரியாவுதுன்னு சொன்னாங்க' என்றும் சொன்னான். ஸ்குரூக்களை எடுத்துக் கொடுத்தேன். பையன் எண்ணிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போனான். அந்த செட்டு அதற்குப் பிறகு என்னிடமோ அவனிடமோ வரவில்லை.

திருந்திவிட்டேன் என்று இங்கே எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் இருந்த தெருப்பக்கம் போவதைத்தான் நிறுத்தினேன். 2006-ல் அரசு 14 அங்குல கலர் டிவியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகு டிவி இல்லாத வீடே குறைந்தது, வேலையும் கூடியது. கூட்டம் கூடினால் தேடிப் பார்க்க நேரம் ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிக்சர் டியூப் டிவியே சந்தையை விட்டுப் போகும்வரை அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. டீச்சர் மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் வாங்கிய எல்.ஓ.டி. பணத்தையும் ஸ்டெபிலைசர் கமிஷனையும் திருப்பிக் கொடுக்கவில்லை. விசாரித்திருந்தால் முகவரி கிடைத்திருக்கும். விசாரிக்கவில்லை.

இப்போது எல்.இ.டி. டிவி ரிப்பேர் பார்க்கிறேன். அங்கேயும் இதே கதைதான். சத்தம் வரும், படம் வராது. பின்னால் இருக்கிற பேக்லைட் பட்டியில் ஒரு எல்.இ.டி. போயிருக்கும். பட்டியை மாற்றினால் படம் வந்துவிடும். அந்தப் பட்டிக்குப் போகிற கரண்ட்டைக் கொஞ்சம் குறைத்து வைக்காவிட்டால் புதுப் பட்டியும் சீக்கிரமே கருகும். குறைப்பதற்கு டிரைவர் பகுதியில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மாற்றினால் போதும், வெளிச்சம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இப்போது அதை மாற்றித்தான் கொடுக்கிறேன். 'முன்ன மாதிரி பளிச்னு இல்லையே' என்று சண்டை போடுகிறவர்களிடம் காரணம் சொல்லி அனுப்புகிறேன்.

ரிப்பேருக்குக் கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே பார்ட் இரண்டாம் தடவை போனால், புதுசு போடுவதற்கு முன் போர்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தேடிப் பார்த்ததற்கு மெக்கானிக் தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். டீச்சரிடம் நான் வாங்கிய மொத்தப் பணத்தில் அந்தத் தேடல் கூலி ஒரு சின்னப் பங்குதான் ஆகியிருக்கும்.